சண்டை போட ஒரு வீடு

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் மேலேயிருந்து இறங்கி வந்து, "எத்தினி பேரு கீறாங்க, என் பேருதானா கெடைச்சுது உனக்கு" என்று தொடங்கிவிடுவாள். ராயபுரத்தில் துறைமுகக் குவார்ட்டர்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் அவள் கேன்டீனக்கா. புருஷன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவர் செத்துப்போனபிறகு அங்கேயே கேன்டீனில் அவளுக்குச் சமையல் வேலை கொடுத்தார்கள். ஒற்றை ஆளாக மகனை வளர்த்து, படிக்கவைத்து, கல்யாணமும் பண்ணிவைத்துவிட்டாள். என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான், அதுவும் பேச்சுக்கு இருந்த சுவர்.

நான் மதுராந்தகம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். என் கணவர் துறைமுகத்தில் மூட்டைக் கணக்கு எழுதும் கிளார்க். வந்த வாரமே எனக்கும் அக்காவுக்கும் சண்டை. மாடியில் நான் பிழியாமல் காயப்போட்ட புடவை, கீழே முறத்தில் அவள் காயவைத்திருந்த கருவாட்டின் மேல் சொட்டிவிட்டது.

"இன்னாமே, கருவாட்டுக்குத் தண்ணி காட்றியா? அது இனிமேப்பட்டு நீஞ்சவா போவுது?"

நான்கு வீட்டு வாசலில் ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். எனக்குச் சண்டை போட்டுப் பழக்கமே இல்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சாயங்காலம் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால், கையில் ஒரு அலுமினியத் தூக்கோடு அவளேதான் நிற்கிறாள். உள்ளே நெத்திலிக் குழம்பு, மூடியைத் தாண்டி வாசனை வருகிறது.

"சண்ட போட்டா பசிக்கும். துன்னு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

என் கணவர் சுத்தத்தில் கெட்டிக்காரர். குழம்பை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, தூக்கைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, பளபளவென்று அவள் வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். பெரிய மனுஷத்தனமாகத் தான் ஒன்று செய்துவிட்டதாக அவருக்கு நினைப்பு. மறுநாளிலிருந்து அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. குழாயடியில் நான் வந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். எதிர்வீட்டுக்காரிதான் கடைசியில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "வெறும் தூக்கைத் திருப்பிக் குடுத்தா இன்னா அர்த்தம்? உன் சகவாசமே வேணான்னு அர்த்தம். ஒரு பிடி சக்கரையாவது போட்டுக் குடுக்கறதில்ல? உங்க ஊர்ல இதெல்லாம் சொல்லித் தரலியா?"

சண்டை போட்டவர்களில் ஒருவர் தூக்கு அனுப்பவேண்டும். மற்றவர் அதில் எதையாவது போட்டுத் திருப்பவேண்டும். அப்போதுதான் சண்டை முடிந்ததாகக் கணக்கு. அந்த வரிசையில் இதுதான் சட்டம். நான் அன்றைக்கே முருங்கைக்கீரை போட்டுக் கேழ்வரகு அடை தட்டி எடுத்துக்கொண்டு போனேன். அக்கா ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள்.

"அட இன்னாமே இது, செருப்பு மாதிரி கீது" என்று சொல்லிக்கொண்டே கீழே உட்கார்ந்து அத்தனையையும் தின்றுவிட்டாள். அன்றைக்குப் பிடித்த சிநேகம்.

சண்டை இல்லாமல் அவளால் ஒருவரை நம்ப முடியாது. அதுதான் அவளுடைய குணம். கேன்டீனில் சாம்பார் வாங்க வருகிற, கப்பலில் சரக்குத் தூக்கும் வின்ச்சு டிரைவர்கள் அவளிடம் திட்டு வாங்காமல் தட்டை நீட்டமாட்டார்கள்; வாங்கினால்தான் இன்னொரு கரண்டி விழும். ஒருமுறை புதிதாக ஒரு சூப்பரின்டெண்ட் வந்தார். பருப்பைக் குறைத்துவிட்டார் என்று அக்கா அவர் மேஜைமுன் போய்க் கத்தினாள். மனுஷன் சிரித்துக்கொண்டே, "நீங்க சொல்றது சரிதாம்மா, கவனிக்கிறேன்" என்றாராம். அக்கா பயந்துபோய் வீட்டுக்கு வந்தாள். "அந்த ஆளு டேஞ்சரு பொண்ணே. கோவத்த எங்க வச்சிகினு கீறான்னே தெர்ல." பருப்பு கடைசிவரை கூடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐம்பத்தெட்டு வயது முடிந்தால் வேலையும் முடிந்தது, குவார்ட்டர்ஸும் போயிற்று. அவளுக்கு அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குள் சாவியைக் கொடுத்தாகவேண்டும். எண்ணூரில் அனல் மின்நிலையத்துப் புகைபோக்கி எழுந்திருந்த புதுசு அது. மொட்டை மாடியில் நின்று வடக்கே பார்த்து, "அதுக்குக்கூட ஒரு எடம் பார்த்து நட்டுவச்சிட்டாங்க, எனக்குத்தான் எடமில்ல" என்பாள். விளையாட்டுப்போலத்தான் சொல்வாள். ஆனால் சொல்லிவிட்டு உடனே இறங்கமாட்டாள். இந்த வயதில் போய் உட்காருகிற இடம் தப்பாகிவிட்டால் திரும்ப எழுந்திருக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

மகன் சார்லஸ் வியாசர்பாடியில் ஹவுசிங் போர்டு வீட்டில் இருந்தான். ரயில்வே பட்டறையில் வேலை. அம்மாவுக்கென்று புதுக்கட்டில் வாங்கிப் போட்டுவிட்டு, "வாம்மா" என்று வந்து நின்றான். அக்கா உடனே மூட்டை கட்டவில்லை. "பத்து நாளு இருந்து பார்த்துட்டு சொல்றேன்" என்றாள். போனாள். பத்து நாளும் இருந்தாள். திரும்பி வந்தவள் முகம் தொங்கிப்போயிருந்தது.

"மருமகள் ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா தேவல. ரசத்துல உப்பு இல்லன்னேன். 'சரிங்க அத்தை'ன்னா. துணிய இப்பிடியா மடிப்பாங்கன்னேன். 'சரிங்க அத்தை'ன்னா. உங்க அம்மா இதான் சொல்லிக் குடுத்தாங்களான்னு கேட்டுட்டேன் பொண்ணே. அதுக்கும் 'சரிங்க அத்தை'. காலைல காபி, மத்தியானம் சோறு, சாயங்காலம் டீ, எல்லாம் கரெக்டா வருது. லாட்ஜுல ரூம் போட்ட மாதிரி கீது. சண்ட போட முடியாத எடத்துல நாம விருந்தாளி. எத்தினி நாளு விருந்தாளியா குந்திகினு இருப்பேன்?"

அந்த மருமகள் ஸ்டெல்லாவை எனக்கும் தெரியும். காசிமேட்டுப் பெண். கான்வென்டில் படித்தவள். பேச்சு அளந்துதான் வரும். நல்லவள்தான், ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற மாதிரி நிற்பாள்.

அதற்கப்புறம்தான் அக்கா இடம் பார்க்கக் கிளம்பினாள், துணைக்கு நான். முதலில் சிஸ்டர்கள் நடத்துகிற ஒரு முதியோர் இல்லம். பெயர் வேண்டாம். தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அத்தனை சுத்தம். ஆளுக்கொரு கட்டில், வெள்ளை விரிப்பு, தலைமாட்டில் ஜெபமாலை. அக்கா கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு, "இது கஞ்சியா, கழனித்தண்ணியா?" என்று ஆரம்பித்தாள். பக்கத்தில் இருந்த சின்ன சிஸ்டர் முகம் வாடி, "மன்னிச்சிடுங்க பாட்டி, நாளைக்கு நல்லா செய்யச் சொல்றேன்" என்றாள். வரிசையாக உட்கார்ந்திருந்த கிழவிகளில் ஒருத்திகூடத் தலையைத் திருப்பவில்லை. அக்கா கொண்டுபோன குழம்புத் தூக்கை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். அடுத்த வாரம் போய்க் கேட்டபோது, துணியில் சுற்றி, துடைத்து, பத்திரமாக எடுத்துக் கொடுத்தார்கள். மூடியைத் திறந்து பார்த்தாள். ஒன்றுமில்லை.

"தங்கமான பொண்ணுங்க" என்றாள் பஸ்ஸில். "ஒரு தப்பு சொல்ல முடியாது. ஆனா அது மேல போறவங்க வெயிட் பண்ற எடம். நா இன்னும் டிக்கெட்டே எடுக்கல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்கிறது, மகன் வீடு வேண்டாம், சிஸ்டர் வீடு வேண்டாம், தெருவில்தான் நிற்கப் போகிறாயா என்று நானும் பஸ்ஸிலேயே கத்திவிட்டேன். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "தா, நீ கத்துறியே, இது மாதிரி ஒரு ஆளு வேணும் எனக்கு" என்றாள். இவளிடம் கோபப்பட்டுத்தான் என்ன பிரயோஜனம்?

கேன்டீனுக்கு மீன் போடுகிறவள் சொல்லித்தான் திருவொற்றியூர் காம்பவுண்டு தெரியவந்தது. பழைய உப்புக்கிடங்கு. அதன் முதலாளி தன் தாயார் நினைவாக அதைத் தடுத்து அறை அறையாக்கி, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற, வயதான ஆட்களுக்கு மட்டும் வாடகைக்கு விட்டிருந்தார். ஆளுக்கொரு அறை, பொதுவில் ஒரு சமையல்கட்டு, முறை வைத்துச் சமைப்பார்கள். நடுமுற்றத்தில் ஒரு பூவரச மரம். அக்கா உள்ளே நுழைந்ததும் கேட்ட முதல் கேள்வி, "வெளிய போவணும்னா யார கேக்கணும்?" என்பதுதான்.

மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்தார். ரயில்வேயில் கூட்ஸ் வண்டிக் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லி உடம்பு, வெள்ளைக் கால்சட்டை, கழுத்தில் கயிறு கட்டி இன்னும் அந்தப் பழைய விசில். "யாரையும் கேக்க வேணாம். பூட்டிட்டு சாவிய எடுத்துட்டுப் போங்க" என்றார்.

அக்காவுக்கு அது பிடித்துவிட்டது. காட்டிக்கொள்ளவில்லை. சரியாக அந்த நேரம் சமையல்கட்டில் சாதம் வடித்துவிட்டதாக யாரோ குரல் கொடுக்க, கார்டு எழுந்து நின்று விசிலை எடுத்து நீளமாக ஊதினார். சாப்பாட்டுக்கு அழைப்பு அதுதானாம். அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"நா இன்னா கூட்ஸ் வண்டியா, நீ ஊதுனா கெளம்ப?"

"கூட்ஸா இருந்தா இந்நேரம் கெளம்பியிருக்கும். நீங்க கெளம்பற மாதிரி தெரியலையே."

அவ்வளவுதான். அறைக் கதவுகள் திறந்தன. ஒரு கிழவி அக்கா கட்சி. தினமும் இந்த விசிலால் தன் காது போய்விட்டது என்றாள். இன்னொரு பெரியவர் கார்டு கட்சி. விசில் இல்லாவிட்டால் இந்தக் கிழவி மூன்று மணிக்குத்தான் வந்து உட்காருவாள் என்றார். சாதம் ஆறிக்கொண்டிருந்தது. யாருக்கும் கவலையில்லை. நான் சுவரோரம் ஒட்டிக்கொண்டு நின்றேன். அக்கா மூச்சு வாங்க, கண்ணெல்லாம் பளபளக்க, சமையல்கட்டு மேடையில், கையோடு கொண்டுவந்திருந்த குழம்புத் தூக்கைத் தட்டென்று வைத்துவிட்டு வெளியே வந்தாள். வழியெல்லாம் ஒரே வார்த்தைதான்: "அந்த ஆளுக்கு வாயப் பாரேன்."

அந்த வாரமே கார்டு தூக்கை எடுத்துக்கொண்டு ராயபுரத்துக்கு வந்து நின்றார். விலாசம் விசாரித்து, வெயிலில் நடந்து வந்திருந்தார்.

"உங்க குழம்புல புளி ஜாஸ்தி" என்றார். "அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அக்கா மூடியைத் திறந்தாள். கட்டி கட்டியாக என்னவோ மஞ்சளாக இருந்தது. "இது இன்னா, கேசரியா, சிமென்ட்டா?"

"ரெண்டும் கலந்து கிண்டினேன்."

அக்கா சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்துவிட்டது. அவர் போனபிறகு அந்தக் கேசரியில் ஒரு கட்டியை எனக்குக் கொடுத்து, ஒரு கட்டியைத் தான் கடித்துக்கொண்டு, "பரண் மேல கீற டிரங்குப் பெட்டிய எறக்கு பொண்ணே" என்றாள்.

பெட்டி இறங்கிய செய்தி போய், சார்லஸ் வந்தான். நான் அடுப்படியில் இருந்தேன், சுவர்தான் ஒன்றையும் மறைக்காதே.

"நா உசுரோட கீறப்போ நீ அங்க போய்க் குந்துனா, பெத்தவள தொரத்திட்டான்னு ஊரு காறித் துப்பும்மா."

"துப்பறவனா எனக்கு சோறு போடப் போறான்? உன்ன யாருடா குத்தம் சொன்னது? உன் வூட்ல எனக்கு ஒரு கொறையும் இல்ல. அதாண்டா கொற."

அவனுக்கு அது புரியவில்லை. யாருக்குத்தான் புரியும்? "நீ அங்க போனா, அந்த வாசப்படிய நா மிதிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தான். அக்கா ஒரு வார்த்தையும் திருப்பிச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்து அவள் பதில் சொல்லாமல் விட்ட சண்டை அது ஒன்றுதான்.

கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே திருவொற்றியூருக்குப் போய்விட்டாள். போனபின் அவள் வயது குறைந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ரயில் பிடித்து எண்ணூருக்குப் போய் இறால் வாங்கி வருவாள். மாதா கோயிலில் பாட்டுப் பாடுகிற கூட்டத்தில் சேர்ந்துகொண்டாள். சாயங்காலம் மரத்தடியில் சீட்டாட்டம், தோற்றால் ஒத்துக்கொள்ளவேமாட்டாள். கார்டோடு தினம் ஒரு சண்டை, தினம் ஒரு கிண்ணம் இந்த அறைக்கும் அந்த அறைக்கும் போய்வந்துகொண்டிருக்கும். இடுப்பில் சாவியைச் செருகிக்கொண்டு அவள் நடக்கிற நடையைப் பார்த்தால் அந்த உப்புக்கிடங்கே அவளுடையது என்று தோன்றும்.

ஆனால் தூக்கு விஷயம் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் அவளைப் பார்க்கப் போவேன். திரும்பும்போது தூக்கு நிறைய மீன் குழம்பு கொடுத்து, சார்லஸிடம் சேர்க்கச் சொல்வாள். நானும் வியாசர்பாடி போய்க் கொடுப்பேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்குவான். அடுத்த ஞாயிறு காலை ராயபுரம் கோயிலுக்குப் பூசைக்கு வருகிறவன், கழுவின தூக்கை என் வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவான். நான் அதை அக்காவிடம் கொண்டுபோவேன். அவள் என்னிடம் பேசிக்கொண்டே, பார்க்காத மாதிரி மூடியைக் கொஞ்சம் தூக்கிப் பார்ப்பாள். வெறும் தூக்கு. சத்தமில்லாமல் மூடிவிட்டு வேறு பேச்சை எடுப்பாள். மூடியைத் தூக்குகிற அவள் விரலைப் பார்க்கவே எனக்கு மனசு கேட்காது. நானே ஒரு பிடி சர்க்கரை போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவளை ஏமாற்ற முடியாது, சர்க்கரையை முகர்ந்தே யார் வீட்டுச் சர்க்கரை என்று சொல்லிவிடுவாள்.

மாசிமாதம் வந்துவிட்டது. ஒரு ஞாயிறு என் வாசலில் தூக்கு இல்லை. சரி, அனுப்புவதையே நிறுத்தச் சொல்கிறான் போல என்று எண்ணி, கனத்த மனதோடு திருவொற்றியூர் போனேன். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே காம்பவுண்டு கதவு படாரென்று திறந்தது. ஸ்டெல்லா. முகம் சிவந்து, கொண்டை அவிழ்ந்து, கையில் அந்தத் தூக்கு.

"இன்னா நெனச்சிகினுகீறீங்க அத்த நீங்க?" என்றாள்.

நான் வாயைப் பிளந்துவிட்டேன். அந்தக் குரல் காசிமேட்டு மீன் ஏலத்தில் கேட்கிற குரல்.

"வாரா வாரம் கொயம்பு குடுத்து உடுறீங்க. உங்க புள்ள கதவ சாத்திகினு தூக்கோட உள்ள குந்திக்கிறாரு. எனக்கு ஒரு சொட்டு கெடயாது. வயிச்சி துன்னுட்டு அவரே கயுவி வைக்கிறாரு. நா எதனா போட்டு அனுப்பறேன்னா, 'வேணாம், போட்டா சண்ட முடிஞ்சிடும்'ங்கறாரு. அவருக்கும் உங்களுக்கும் சண்ட. நடுவுல நா இன்னா, தூக்குக்கு மூடியா?"

அக்கா மரத்தடியில் உட்கார்ந்தபடியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்து நாளு எங்க வூட்ல சண்டைய இஸ்து இஸ்துப் பாத்தீங்க. எனக்குத் தெரியாதா? காசிமேட்ல பொறந்தவ நானு. மாமியார எதுத்து வாயத் தொறந்தா வூட்டுப் பக்கம் வராதன்னு எங்க அம்மா சத்தியம் வாங்கி அனுப்பிச்சிது. பல்லக் கடிச்சிகினு 'சரிங்க, சரிங்க'ன்னேன். அதுக்கு நீங்க பொட்டிய தூக்கிகினு வந்துட்டீங்க. ஊர்ல அல்லாரும் இப்போ என்னத்தான் பேசறாங்க."

அறைக் கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. கார்டு விசிலைக் கையில் பிடித்தபடி நின்றார். அக்கா மெல்ல எழுந்து போனாள். மருமகளின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அக்கா கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, வாயெல்லாம் சிரிப்பு.

"இத்தத்தான கண்ணு பத்து நாளா கேட்டுகினு இருந்தேன். இத்த அன்னிக்கே பேசியிருந்தா..." என்று அவிழ்ந்த கொண்டையை அள்ளி முடிந்துவிட்டாள்.

ஸ்டெல்லாவும் அழுதுவிட்டாள். அழுதுகொண்டே தூக்கை அவள் கையில் திணித்து, "தொறந்து பாருங்க. நா செஞ்சது. அவருக்குத் தெரியாம போட்டேன்" என்றாள். உள்ளே இறால் தொக்கு. அக்கா ஒரு இறாலை எடுத்து வாயில் போட்டு, நிதானமாக மென்றாள். காம்பவுண்டே காத்திருந்தது.

"உப்பு கம்மி."

"வயசாவுதில்ல. கம்மியாத்தான் துன்னணும்" என்றாள் ஸ்டெல்லா, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். 'கேட்டியா?' என்பதுபோல. அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன்.

அப்போதுதான் கார்டு வெளிக்கதவைப் பார்த்துவிட்டார். சார்லஸ் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான். மிதிக்கமாட்டேன் என்று சொன்ன படி அது. உள்ளே வரவும் முடியாமல், போகவும் மனமில்லாமல் நின்றான். அக்காவும் கூப்பிடவில்லை. கார்டுதான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, விசிலை வாயில் வைத்து, அவனைப் பார்த்து நீளமாக ஊதினார். சார்லஸ் சிரித்துவிட்டான். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தான்.

"குந்துடா. சோறு ஆறுது" என்றாள் அக்கா.

அன்றைக்கு இரண்டு பேரும் அவளைத் திரும்ப வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். அக்கா போகவில்லை. பண்டிகைக்குப் போவாள், ஸ்டெல்லாவோடு ஆசை தீரச் சண்டை போட்டுவிட்டுத் தன் அறைக்குத் திரும்பிவிடுவாள். சாவி கடைசிவரை அவள் இடுப்பில்தான் இருந்தது. அவள் கண்ணை மூடியபிறகு ஸ்டெல்லா அந்தத் தூக்கை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். நிறையச் சர்க்கரை போட்டுத்தான் கொடுத்தாள்.

இப்போது எனக்கும் வயதாகிவிட்டது. என் கணவர் இல்லை. பிள்ளைகள் ஒரு முதியோர் குடியிருப்பின் படங்களைப் போனில் காட்டுகிறார்கள். லிப்ட் இருக்கிறதாம், தோட்டம் இருக்கிறதாம், டாக்டர் வருகிறாராம். நல்ல இடமாகத்தான் தெரிகிறது, போய்ப் பார்த்தால்தான் சொல்லமுடியும் என்று சொல்லியிருக்கிறேன். நாளைக்குப் போகிறேன். நெத்திலி வாங்கியாயிற்று, தூக்கைத் தேய்த்துக் கவிழ்த்திருக்கிறேன். யாரோடு சண்டை, எதற்குச் சண்டை என்பதை மட்டும் யோசித்து வைக்கவில்லை. போனால் கிடைக்காமலா போகும்.